கச்சால் வீட்டின் படம்

பத்துபஸ்தியில் இன்டர்நெட் கடை நடத்துகிறவனுக்குப் பொறுமை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காது கேட்கக் கூடாது. எனக்கு இரண்டுமே வாய்க்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக வசவு வாங்கிக்கொண்டிருக்கிறேன். ரிசல்ட் பார்க்க வருகிற பிள்ளைகள், ஃபாரம் போட வருகிற பெண்கள், பென்ஷன் பேப்பர் எடுக்க வருகிற பெரியவர்கள், இவர்கள் எல்லோருக்கும் நெட் மெதுவாக ஓடுவதற்கு நான்தான் காரணம். 'சாட்டிலைட்டிலிருந்து வருகிறது சாமி, மேகம் கட்டினால் நின்றுவிடும், நான் என்ன செய்ய' என்றால், 'தோ துக்கான் பந்த் கரோ பய்யா' என்று இந்தியில் கடையை மூடச் சொல்லிவிட்டுப் போவார்கள். ராமநாதபுரத்துக்காரன் ராஜமாணிக்கம் நான், இப்படித்தான் போர்ட் பிளேயரில் பிழைப்பு நடத்துகிறேன்.

என் கடைக்குப் பின்சந்தில் இருந்தது கச்சால் வீடு. சொர்ணம்மாவும் அவள் புருஷன் முத்துவீரனும் வாடகைக்கு இருந்த வீடு. தகரக் கூரை, மூன்று அறை, நீளமான ஒரு தாழ்வாரம். கச்சால் நிக்கோபாரில் இருக்கிற தீவு. சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட நம்ம ஆட்களை ரப்பர் வெட்ட அங்கே குடியமர்த்தினார்கள். சொர்ணம்மா எட்டு வயதில் வந்து இறங்கியவள். சுனாமியில் தப்பிப் போர்ட் பிளேயர் முகாமுக்கு வந்தபோது முத்துவீரனுக்குக் கால் எலும்பு நொறுங்கியிருந்தது. நாற்பது நாள் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில், செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்தாள். அந்தக் கோபத்தில் ஆரம்பித்ததுதான் அந்த வீடு. தூரத்துத் தீவுகளிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கிக்கொள்ளலாம், மூன்று வேளை சாப்பாடு, காசு கிடையாது. மாசமான பெண்கள், காச நோய்க்காரர்கள், துணைக்கு வந்தவர்கள் என்று எந்நேரமும் பத்துப் பன்னிரண்டு பேர். பெயருக்கு ஒரு சங்கமும் பதிவு செய்திருந்தார்கள். அந்த மனுவை டைப் அடித்துக் கொடுத்தவன் நான்தான், அதற்கும் காசு வாங்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்து தை மாதம் அவள் கடைக்கு வந்தாள். கையெல்லாம் தேங்காய்ப்பூ.

"அண்ணே, வீட்டுக்காரர் வந்துட்டுப் போனாரு. டூரிஸ்டு ஆளுங்க தங்க லாட்ஜ் கட்டப்போறாராம். நமக்கே வேணும்னா ஒரு வருச வாடகையை முன்னாடி வைக்கணுமாம். மார்ச்சுக்குள்ள. இல்லாட்டி காலி கர்னா படேகான்னு சொல்லிட்டாரு."

"அவர்கிட்ட நான் பேசிப் பார்க்கவா?"

"என்னத்தப் பேச? நல்ல மனுசன்தான். ஏழு வருசமா ஒரு ரூவா ஏத்தல. நானே பேசுனேன், அவரு கண்ணுல தண்ணி விட்டுட்டாரு, ஆனா தேதிய மாத்தல." அவளே சிரித்தாள். "உள்ள ஏழு மாசப் புள்ளத்தாச்சி ரெண்டு பேரு கெடக்குறாளுங்க. ஃபேஸ்புக்குல கேட்டா மெயின்லேண்டு ஆளுங்க குடுப்பாங்களாமே, நெசமா அண்ணே?"

குடுப்பார்கள் என்றேன். எனக்கும் ஒரு பெருமை, என் தொழிலுக்கும் ஒரு மரியாதை வருகிறதே என்று. படம் எடுத்துப் போடுவோம், சென்னையில் என் அக்கா மகன் அருண்பிரசாத் விளம்பரக் கம்பெனியில் இருக்கிறான், அவன் சரி பண்ணிவிடுவான் என்று நானே வாயைக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் என் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். வெளியே மழை தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. சொர்ணம்மா கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைக் கொட்டிப் பிசைந்து, கனமாக ரொட்டி தட்டிக் கல்லில் போட்டாள். பக்கத்தில் பொன்னம்மா அம்மியில் மிளகாயும் வெங்காயமும் மாசிக்கருவாடும் வைத்துச் சம்பல் அரைத்தாள். பொன்னம்மாவும் கச்சால்காரிதான். முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்க வந்தவள், வலி போனபிறகும் ஊருக்குப் போகாமல் அடுப்படியிலேயே தங்கிவிட்டாள். அங்கே அவளுக்கு யாரும் இல்லை. அவளுடைய ஒரே மகனை அலை கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி அவளும் பேச மாட்டாள், வீட்டிலும் யாரும் பேச மாட்டார்கள்.

"அழற மாதிரி ஏதாவது பேசணுமா அண்ணே?" என்றாள் சொர்ணம்மா.

"உனக்கு வர்றதைப் பேசு."

"எனக்குத் திட்டத்தான் வரும்."

கேமராவைப் பார்த்து அவள் பேசியது இவ்வளவுதான்: "இங்க வர்றவங்க சீக்காளிங்க. ஆஸ்பத்திரில பெட்டு குடுப்பாங்க, கூட வந்தவனுக்கு யாரு பெட்டு குடுப்பா? கப்பல் அடுத்த வாரந்தான். அதுவரைக்கும் அவன் எங்க போவான்? எங்ககிட்ட ரொட்டி இருக்கு, தேத்தண்ணி இருக்கு, எடம் இருக்கு. எடம் போயிரும்போல இருக்கு. முடிஞ்சவங்க குடுங்க. முடியாட்டி பரவால்ல, சும்மா பாத்துட்டுப் போங்க." அதற்குள் ரொட்டி கருகும் வாசம் வந்ததால் போனைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். முத்துவீரனையும் பேசச் சொன்னோம். அந்த மனுஷன் தலையை ஆட்டிவிட்டு விறகு பிளக்கப் போனார்.

அந்தப் படத்தை எங்கள் நெட்டில் ஏற்ற வேண்டுமானால் அடுத்த பொங்கல் வந்துவிடும். இங்கே எல்லோரும் செய்கிறதையே நானும் செய்தேன். பென்டிரைவில் போட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மேலே மார்க்கரில் பெயரும் நம்பரும் எழுதி, விமானம் ஏறப்போகிற ஆளிடம் கொடுத்துவிட்டேன். தீவில் பாதிச் சாமான் இப்படித்தான் போகும், வரும். கப்பலிலோ விமானத்திலோ போகிறவன் பத்துப் பேர் பொட்டலத்தைச் சுமக்காமல் போனால் அவன் ஊர்க்காரனே இல்லை. இந்தத் தடவை மாட்டியவர் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருக்கிற அழகர்சாமி, ரோடு கான்ட்ராக்டர். சென்னையில் மகள் வீட்டுக்கு ஒரு மாசம் போனார்.

அருண்பிரசாத் சங்கத்துப் பேரில் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு ஃபேஸ்புக் பக்கம் திறந்து படத்தைப் போட்டான். பத்து நாளில் போன் செய்தான்.

"மாமா, படம் பிச்சுக்கிச்சு! நாலு லட்சம் பேரு பாத்துட்டாங்க!"

"நாலு லட்சமா! போர்ட் பிளேயர்லயே அத்தனை ஜனம் கிடையாதேடா."

சங்கத்து பேங்குப் புத்தகத்தில் பணம் விழுந்துகொண்டே இருந்தது. வாடகைக்கு வேண்டியதைத் தாண்டிவிட்டது. சொர்ணம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேர் தெரியாத பெண்கள் சங்கத்து நம்பருக்கு போன் போட்டு அழுதார்கள். "எதுக்கு அழுவுறாங்கன்னு தெரியல அண்ணே, நல்ல மனசு" என்றாள். நம் படத்தை நாமும் பார்ப்போம் என்று ஒரு நாள் வீடே என் கடைக்குத் திரண்டு வந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அரை மணி நேரம் சுற்றியது. படத்தின் முகப்பு மட்டும் மேலிருந்து மெல்ல இறங்கி, சொர்ணம்மாவின் மூக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. "என் மூக்கை நான் கண்ணாடியிலயே பாத்துக்குறேன், வாங்கடி" என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போனாள். நாலு லட்சம் பேர் பார்த்த படத்தை நாங்கள் மட்டும் பார்க்கவில்லை, அது யாருக்கும் பெரிதாகவும் படவில்லை.

மாசி நடுவில் அழகர்சாமி திரும்பினார். வந்தவர் நேரே கச்சால் வீட்டுக்கே வந்தார், கையில் மைசூர்பாகு டப்பா. "சொர்ணம்மா, உன் படத்தை என் மருமகன் போன்ல இறக்கிக் குடுத்துட்டாரு. கட்டாகாம ஓடும், வாங்க எல்லாரும்!" என்று கூப்பிட்டு, அடுப்படிப் படியில் போனை நிறுத்திவைத்தார். மாசமான பெண்கள், துணைக்கு வந்தவர்கள், முத்துவீரன், பொன்னம்மா, நான், எல்லோரும் குந்தினோம்.

முதலில் கடல் வந்தது. பெரிய அலை, ஓடுகிற ஜனம், எங்கேயோ எடுத்த பழைய படம். சோகமாக ஒரு வயலின். பிறகு ரொட்டி தட்டுகிற சொர்ணம்மா. ஆனால் அவள் பேச்சு கேட்கவில்லை. அதற்கு மேலே ஒரு பெண்குரல் தேனொழுகப் பேசியது: 'ஒரே மகன் விஜயனை சுனாமிக்குப் பறிகொடுத்த தாய். இன்று ஊரார் பிள்ளைகளைத் தன் பிள்ளையாகத் தாங்குகிறாள்...'

சொர்ணம்மாவின் மகன் விஜயன் சாகவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. ஆறு வருஷத்துக்கு முன்னால், இருபது வயதில், கோபித்துக்கொண்டு கப்பலேறியவன். நம்பரை மாற்றிவிட்டான், பேச்சு வார்த்தை கிடையாது. மகன் ஒருத்தன் இருக்கிறான், பெயர் விஜயன் என்று அருண்பிரசாத்துக்குச் சொன்னவன் நான். மீதியை அவன் தானாகவே போட்டுக்கொண்டான்.

படம் முடிந்தது. பொன்னம்மாதான் முதலில் எழுந்தாள். அரைத்துக்கொண்டிருந்த சம்பலை அப்படியே விட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"பொன்னம்மாக்கா, இங்க பாரு, நான் சொல்லலக்கா! சத்தியமா நான் சொல்லல!" சொர்ணம்மா பின்னாலேயே ஓடினாள்.

பொன்னம்மா வாசலில் நின்று திரும்பினாள். "நீ சொல்லலன்னு தெரியும்டி. இதப் பாத்து அழுதவங்க அழுதது, அலையில போன என் மகனுக்கு அழ வேண்டிய அழுகை. அவன் பேரச் சொல்லி யாரும் இதுவரைக்கும் அழுவல." அவ்வளவுதான். தெருவில் இறங்கி நடந்தாள்.

அழகர்சாமி மைசூர்பாகு டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

நான் அங்கேயே அருண்பிரசாத்துக்கு போன் போட்டு, வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அவன் அசரவில்லை. "மாமா, கூட வந்தவனுக்கு பெட்டு இல்லைன்னா எவன் மாமா ஷேர் பண்ணுவான்? அழ வெச்சாத்தான் குடுப்பாங்க. வீடு வேணுமா வேணாமா?" எடுத்துத் தொலைடா என்றேன். எடுத்தான். ஆனால் அதற்குள் ஆயிரம் பேர் அதைத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

சொர்ணம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை. முத்துவீரன்தான் கஞ்சி வைத்தார். மறுநாள் கடை திறந்ததும் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதுங்க அண்ணே, நான் சொல்றேன். அதே எடத்துல போடணும்."

"என்னன்னு?"

"என் மகன் சாகல. உசுரோட இருக்கான். படத்துல சொன்னது பொய்."

"தங்கச்சி, கொஞ்சம் யோசி. படத்தை எடுத்தாச்சு. 'சில தவறுகள் இருந்தன'ன்னு பொதுவா ஒரு வரி போட்டுருவோம். மகன் விஷயம் எதுக்கு? வந்த பணம் திரும்பிப் போயிரும். வீடு போயிரும்."

"போனா போவுது."

"அந்தப் புள்ளத்தாச்சிங்க எங்கம்மா போகும்?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அது எனக்குத் தெரியாதா அண்ணே? ராத்திரி பூரா அதான் யோசிச்சேன். ஆனா அவன் பாத்திருப்பானே. நாலு லட்சம் பேரு பாத்தத அவன் பாக்காமயா இருப்பான்? ஆத்தாளே நம்மள சாகடிச்சு காசு வாங்கிட்டாள்னு நெனச்சிருப்பானே. அவன் ஏன் போனான், தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். ஆனாலும் அவளே சொல்லட்டும் என்று இருந்தேன்.

"ஒரு நாளும் அவன் பாய்ல அவன் படுத்ததில்ல. வேலைக்குப் போய்ட்டு வருவான், மாயாபந்தர் கெழவன் படுத்திருப்பான். அடுத்த வாரம் திக்லிபூர் பொம்பளை. 'ஊருக்கெல்லாம் அம்மா, எனக்கு மட்டும் லாட்ஜ்காரியா'ன்னு கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'ஒனக்கு ஒடம்புல சீக்கா இருக்கு, வெளிய படு'ன்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "எல்லாத்தையும் எழுதுங்க. பணம் குடுத்தவங்க கேட்டா திருப்பித் தந்துருவோம்னும் எழுதுங்க. கேக்காதவங்க பணத்தையும் தொடமாட்டேன். உண்மையத் தெரிஞ்சுக்கிட்டு 'வெச்சுக்க'ன்னு சொன்னாத்தான் எடுப்பேன்."

எழுதினேன். அவள் சொன்னபடியே, பாய் விஷயம் உட்பட. கீழே அவள் பெயரைப் போட்டேன். அனுப்பு என்ற பட்டனை அவள் விரலாலேயே அழுத்தச் சொன்னேன். எழுத்து மட்டும் எங்கள் நெட்டில் ஒரே நிமிஷத்தில் போய்விடும்.

இரண்டு மணி நேரத்தில் வசவு ஆரம்பித்தது. நான் வாழ்நாளில் வாங்கிய வசவெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பிராடு, திருட்டுக் கும்பல், சுனாமியை விற்றுச் சாப்பிடுகிறவள், போலீஸில் பிடித்துக் கொடுங்கள். முப்பது நாற்பது பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அனுப்பினோம். 'பரவாயில்லை அம்மா, வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. அந்தப் பணத்தை அவள் தொடவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு, நான் அந்தப் பக்கத்தைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். அவள் கேட்டால், 'யாரும் புதிதாக ஒன்றும் எழுதவில்லை' என்று பொய் சொன்னேன். எனக்குப் பயம், வேறொன்றும் இல்லை.

பொன்னம்மா நாலாம் நாள் தானாகவே திரும்பி வந்து அம்மியின் முன்னால் உட்கார்ந்தாள். மிளகாய் எங்கே என்று கேட்டாள். சொர்ணம்மா எடுத்துக் கொடுத்தாள்.

வழி காட்டியது முத்துவீரன். இந்த மனுஷனுக்கு வாய் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. கச்சால் வீட்டில் தங்கிப் போனவர்கள் ஊருக்குப் போனபின் சும்மா இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கப்பலிலும் யாரிடமாவது எதையாவது கொடுத்துவிடுவார்கள். வாழைத்தார், பாக்கு மூட்டை, கருவாடு. சாக்கின் மேல் 'சொர்ணம்மா, பத்துபஸ்தி' என்று எழுதியிருக்கும். அன்று படகுத்துறையிலிருந்து தேங்காய் மூட்டையைத் தூக்கிவந்து தொப்பென்று இறக்கிவிட்டு அவர் சொன்னார்:

"தின்னு மாளல. ஏலம் போட்டா என்ன?"

"யாருகிட்ட போட?" என்றாள் சொர்ணம்மா.

"கோயில்ல எலுமிச்சம்பழம் ஏலம் போடுறோம்ல. அது மாதிரி இவரு போன்ல போடட்டுமே." என்னைக் கையால் காட்டிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

எனக்குப் பளிச்சென்றது. படம் ஓடாவிட்டால் என்ன, வாட்ஸ்அப்பில் சின்ன போட்டோ போகுமே! ஆஸ்பத்திரி நர்சுகள், துறைமுகத்து ஆட்கள், ஸ்கூல் வாத்தியார்கள், கடைக்காரர்கள் என்று எனக்குத் தெரிந்த நம்பர்களையெல்லாம் போட்டு ஒரு குரூப் ஆரம்பித்தேன். முதல் நாள் திக்லிபூர்ப் பாக்கு. போட்டோவுக்குக் கீழே சொர்ணம்மா சொல்லச்சொல்ல எழுதினேன்: 'ஒச்சம்மா அனுப்பியது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்து பதினோரு நாள் இருந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள், கப்பலேறும்போது அழுதாள்.' அவ்வளவுதான். பெங்காலி, தெலுங்கு, மலையாளம், நம்ம ஆட்கள், எல்லோரும் இந்தியில் விலை கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏலம். படாக் மரத்து முக்காலி ஒன்று வந்தது, பெரிய டாக்டரே எடுத்தார். மாயாபந்தரிலிருந்து ஒரு சேவல் வந்தது. போட்டோ எடுக்க அது நின்றால்தானே? கடைக்குள் பறந்து, பிரிண்டர் மேல் ஏறி, ஒரு பையனின் மார்க்ஷீட்டில் அசிங்கம் பண்ணிவிட்டது. அந்தக் கதையையும் எழுதிப் போட்டதில் சேவலுக்கு இரண்டு பங்கு விலை ஏறியது. ஏலத்துக்கு வருகிறவர்களுக்கு ரொட்டியும் சம்பலும் என்று பொன்னம்மா சொல்லிவிட்டாள், அதற்கும் முன்கூட்டியே ஆர்டர் வந்தது. சொர்ணம்மாவுக்கு முதலில் கூச்சம். சீக்காக வந்தவர்களிடம் கை நீட்டுகிறோமோ என்று. "நாம எங்க கேட்டோம்? அவங்க குடுக்குறத வாங்காம இருந்தா அவங்கள பிச்சக்காரங்கன்னு சொல்ற மாதிரி" என்று பொன்னம்மா ஒரே போடாகப் போட்டாள்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி வீட்டுக்காரர் கையில் வருஷ வாடகையை வைத்தோம். உள்ளறையில் பிறந்து ஆறு நாளான ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவர் பணத்தை எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சொர்ணம்மா கடைக்கு வந்து, "வெச்சுக்கங்கன்னு சொன்ன அந்தப் பத்துப் பேருக்கும் நன்றி எழுதணும்ல அண்ணே, எடம் நின்னுருச்சுன்னு" என்றாள். தட்டிக்கழிக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வசவுகள் வரிசையாக இறங்கின. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு வேகமாகக் கீழே தள்ளினேன். ஒரு இடத்தில் கை நின்றுவிட்டது. அது போட்டு இருபது நாள் ஆகியிருந்தது. நான் பார்ப்பதை நிறுத்தியதற்கு மறுநாள் போட்டது.

"என்ன அண்ணே?"

வாய்விட்டுப் படித்தேன்.

'நான்தான் விஜயன். கச்சால். இந்தம்மா மகன். சாகல. இவங்க பிராடு இல்ல. எங்க வீட்டுல எனக்கே படுக்க எடம் இருக்காது, அத்தனை சீக்காளி வருவாங்க. அந்தக் கோவத்துலதான் ஓடிவந்தேன். அதுக்கு நானே சாட்சி. எங்கம்மாவைத் திட்டுறவன் எவனா இருந்தாலும் அங்க எழுதாத. எனக்கு போன் பண்ணித் திட்டு.' கீழே பத்து எண்கள்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இன்னொரு வாட்டி படிங்க" என்றாள். படித்தேன். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னாள். இருபது நாளாக அந்தப் பையன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர் திட்டுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு காத்திருக்கிறான், நான் கோழைப்பயல் பக்கத்தை மூடிவைத்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. அது காதிலேயே விழவில்லை என்று நினைக்கிறேன்.

"அந்த நம்பருக்கு அடிங்க" என்றாள்.

"இப்பவா?"

"திட்டுறதுக்குத்தான நம்பர் குடுத்திருக்கான்? எனக்கு ஆறு வருசத் திட்டு பாக்கி இருக்கு. அடிங்க அண்ணே!"

அடித்துக் கையில் கொடுத்தேன். எழுந்து நின்று, முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். ரிங் போனது. எடுத்தவன் "சொல்லுங்க" என்றான். திட்டு வாங்கி வாங்கிப் பழகிப்போன குரல், எனக்கே கேட்டது.

"ஏண்டா" என்றாள் சொர்ணம்மா. அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

இரண்டு பேரும் அழுதார்கள். நான் கடையை விட்டு இறங்கி ரோட்டில் போய் நின்றுகொண்டேன்.